கணினியியலும் ஆராய்ச்சிப் பட்டமும்

பரீட்சை என்பது பிறர் தொடுத்த வினாவுக்கு நாம் விடை இறுப்பது. ஆராய்ச்சி என்பது வினாவையே நாம் தேடிக் கண்டு, அதற்கு இதுகாறும் எவரும் இறுத்திராத விடையை இறுத்து, அவ்விடை பொருந்துவதே என்று அத்துறையில் வல்லோர் ஒப்புமாறு நாட்டுவது. இவ்விரண்டும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் என்றே நம்மவருட் பெரும்பாலார் கருதி வருகின்றனர். உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பேறு பெற்றவன் பல்கலைக்கழகம் புகுவான். ஆங்கே முதல் வகுப்பிற் சித்தியெய்தியவன் கலாநிதிப் பட்டத்துக்குப் போவான். எனவே அதுவும் இன்னுமொரு பரீட்சை, சற்றுப் பெரிய பரீட்சை, என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்தை நெஞ்சிற் சுமந்துகொண்டு கடல் கடந்து செல்லும் இளைஞர் சிலர் இரண்டாம் ஆண்டிலே திகைத்து நிற்கின்றனர். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். பாடத்திட்டமில்லை, கடந்த ஆண்டுகளின் வினாத்தாளில்லை, இன்ன நாளிற் பரீட்சை என்ற அறிவித்தலில்லை. இவையில்லாத வெளியில் எவ்வாறு நடப்பதென்பதை அவர்களுக்கு முன்னர் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எம் கல்லூரி போன்ற கலாசாலைகள் முதற்கூறிய பயிற்சியிற் பெயர் பெற்றவை. இரண்டாவதைப் பற்றிப் பெரிதும் பேசியவையல்ல. கணினியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விழையும் மாணவர் இன்று பலராதலின், அப்பட்டம் யாது, அதனை ஈட்டும் வழி யாது என்பதை இம்மலரிற் சற்று விரித்துக் கூறுதல் பொருத்தமாகும்.

பெயர்களை முதலிலே தெளிந்துகொள்ளல் வேண்டும். விஞ்ஞான முதுமாணி என்பது பெரும்பாலும் பாடங்கேட்டுப் பரீட்சை எழுதி, இறுதியில் ஒரு சிறிய ஆய்வையும் செய்து பெறும் பட்டம். முதுதத்துவமாணியும் கலாநிதியுமே ஆராய்ச்சிப் பட்டங்கள். இலங்கையின் தகைமைச் சட்டகத்திற் பன்னிரண்டு படிகள் உள. பதினோராவது முதுதத்துவமாணி, பன்னிரண்டாவது கலாநிதி. நமது பல்கலைக்கழகங்களில் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை நன்கு முன்னேறியபின் கலாநிதிப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வேற்றுமை ஆண்டுக் கணக்கில் மட்டும் அன்று. முன்னையது, ஆராயத் தெரிந்தவன் என்பதற்குச் சான்று. பின்னையது, அறிவின் எல்லையை ஓரிடத்திலேனும் ஓர் அங்குலம் தள்ளிவைத்தவன் என்பதற்குச் சான்று.

அந்த ஓர் அங்குலம் எத்தகையது என்பதை இத்துறையின் வரலாறே காட்டும். கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் உள்ள தொன்மை கணினியியலுக்கு இல்லை. அலன் ரூறிங் 1938 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சேர்ச் என்பாரின்கீழ் ஆராய்ந்து கலாநிதியானபோது அது கணிதப் பட்டமாகவே இருந்தது. கணினி என்னும் பொறியே அன்று பிறந்திருக்கவில்லை. கேம்பிறிட்ஜிலே எட்சாக் என்னும் கணினி 1949 மே 6 ஆம் நாள் முதன்முதல் இயங்கியது. அதனோடு உழைத்த டேவிட் வீலர் என்னும் இளைஞர் 1951 இல் எழுதி அளித்த ஆய்வேட்டுக்குக் கிடைத்த பட்டமே கணினியியலிற் கிடைத்த முதற் கலாநிதிப் பட்டம் எனப் பலராலும் கூறப்படுவது. ஐக்கிய அமெரிக்காவிலோ 1965 வரை பொறுத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இருவர் அப்பட்டம் பெற்றனர். ஒருவர் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்து ஏர்விங் ராங். மற்றவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மேரி கெனத் கெல்லர். இவ்வம்மையார் ஒரு கத்தோலிக்கத் துறவி. பட்டம் பெற்ற வேளையில் அவருக்கு வயது 51. பின்னர் அயோவா மாநிலத்திலே தம் சபையார் நடத்திய கல்லூரியிற் கணினியியற் பகுதியைத் தோற்றுவித்து நெடுங்காலம் நடத்தினார். முப்பது வயதைத் தாண்டியவுடன், இனி எனக்கெதற்குப் படிப்பு என்று கூறும் நம்மூர் ஆசிரியர்கள் இவ்வம்மையாரை நினைத்துக் கொள்வார்களாக.

வீலர் செய்தது யாது? அக்காலத்துச் செய்நிரலாளர் ஒரே கணக்கை, வர்க்கமூலங் காண்பது போன்ற ஒன்றை, ஒரு நிரலிற் பல இடங்களிலே செய்யவேண்டியிருந்தது. ஒவ்வோரிடத்திலும் அதனைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒருமுறை எழுதி ஒரு மூலையில் வைத்துவிட்டு வேண்டும்போது அங்கே போய்வந்தால் என்ன? போவது எளிது; திரும்பி வருவதே சங்கடம். பத்து இடங்களிலிருந்து புறப்பட்டு ஒரே மூலைக்கு வந்த பொறி, தான் புறப்பட்ட இடம் எதுவென்று எங்ஙனம் அறியும்? எட்சாக் பொறியில் அதனைக் குறித்து வைக்கும் கட்டளை எதுவும் இருக்கவில்லை. புறப்படுமுன் தன்னிடத்து விலாசத்தைப் பொறியின் கணக்கேட்டிலே சுமந்து செல்லும்படியும், அந்தத் துணைநிரல் அதனைக்கொண்டு தன் கடைசி வரியிலே திரும்பும் கட்டளையைத் தானே எழுதிக்கொள்ளும்படியும் வீலர் ஓர் உபாயங் கண்டார். சொல்லக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். ஆயினும் இன்று கைத்தொலைபேசி முதல் வானூர்தி வரை இயங்கும் நிரல்கள் யாவும் துணைநிரல்களை அழைத்தும் திரும்பியுமே இயங்குகின்றன. ஆராய்ச்சியிலே விளைந்த பொருள் பலவேளைகளில் இத்தகையதே. கண்டபின் எளிது, காணுமுன் எவர்க்கும் தோன்றாதது.

இன்னொன்று காண்போம். குளோட் ஷனன் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1937 இல் எழுதியது கலாநிதிப் பட்டத்துக்கான ஏடன்று, முதுமாணி ஏடு. அப்போது அவருக்கு வயது 21. மின்னாளிகளைத் திறந்தும் மூடியும் செய்யும் சுற்றுக்களை அன்றைய பொறியியலாளர் அனுபவத்தாலும் கைப்பழக்கத்தாலுமே அமைத்து வந்தனர். மெய், பொய் என்னும் இரண்டையே எண்களாகக் கொண்டு ஜோர்ஜ் பூல் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அட்சரகணிதத்தை ஷனன் தத்துவ வகுப்பொன்றிலே கற்றிருந்தார். மூடிய ஆளியை ஒன்றாகவும் திறந்த ஆளியை மற்றொன்றாகவும் கொண்டால் அக்கணிதம் முழுவதும் சுற்றுக்களுக்கு அப்படியே பொருந்தும் என்பதை அவர் காட்டினார். பூலின் கணிதமும் புதிதன்று, ஆளிகளும் புதியனவல்ல. இரண்டும் ஒன்றே என்று கண்டதே புதிது. தத்துவமும் மின்னியலும் ஒரே தலைக்குள் இருந்தமையால் நேர்ந்தது அது. விஞ்ஞானப் பிரிவு மாணவன் வேறொன்றையும் படிக்கலாகாது என்று கட்டளையிடும் பெற்றோர் இதனைக் கருதுதல் நன்று. ஷனன் பின்னர் அதே நிறுவனத்திற் பேராசிரியராகி, ஐவன் சதர்லன்ட் என்னும் மாணவருக்கு மேற்பார்வையாளரானார். அம்மாணவர் 1963 இல் அளித்த ஆய்வேடு, ஒளிப்பேனாவாற் கணினித் திரையிலே நேரே படம் வரையும் முறையைக் காட்டியது. எண்களை விழுங்கி எண்களைக் கக்கும் பொறியென்றே பலர் கருதிய கணினியோடு மனிதன் சித்திரத்தாற் பேசலாம் என்பது அவ்வேட்டால் விளங்கிற்று.

அண்மைக் காலத்து ஆய்வேடுகளுள் ஒன்றையும் கூறுதல் வேண்டும். ஏனெனிற் பெரிய வினாக்கள் யாவும் முன்னோர்க்கே முடிந்துபோயின என்ற சோர்வு மாணவரிடையே பரவலாக உண்டு. பூட்டிய பெட்டியைத் திறவாமலே அதனுள் இருக்கும் எண்களைக் கூட்டவும் பெருக்கவும் இயலுமா, விடையும் பூட்டிய நிலையிலேயே உரியவன் கைக்கு வந்து சேருமா என்ற வினாவை 1978 இல் ரிவெஸ்ற், அடில்மன், டேர்ற்றூசோஸ் என்னும் மூவர் எழுப்பினர். அது இயலுமாயின் ஒருவன் தன் மருத்துவக் குறிப்புக்களை மறைகுறியாக்கி அயலாரின் கணினிக்கு அனுப்பி, அவர்கள் ஓர் எழுத்தையும் படித்தறியாமலே கணக்கை முடித்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகள் எவராலும் முழுமையாகச் செய்ய முடியவில்லை. மறைகுறியீட்டிற் கணக்குச் செய்யுந்தோறும் ஒருவகை இரைச்சல் ஏறி, சில படிகளுக்குப் பின் உள்ளிருக்கும் எண்ணே அழிந்துவிடும் என்பதே இடர். முன்னர் வழக்குரைஞராகத் தொழில் புரிந்த கிறெய்க் ஜென்ரி என்பார் 2009 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டிலே இதற்கு வழி கண்டார். இரைச்சல் மிகுந்த பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, வெளிப்பெட்டி பூட்டியிருக்கும்போதே உட்பூட்டைத் திறக்கும் கணக்கைச் செய்துவிட்டால் இரைச்சல் தணிந்த புதிய பெட்டி கிடைக்கும் என்பது அவர் கண்ட வழி. அவர் முதலிற் காட்டிய முறை நடைமுறைக்கு உதவாத அளவு மெதுவானது. பரீட்சகர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. இயலும் என்று நிறுவுவது ஒரு வேலை, விரைவாக இயற்றுவது வேறொரு வேலை. பின்னையதை அவரும் பிறரும் அடுத்து வந்த ஆண்டுகளிற் செய்தனர், இன்னும் செய்து வருகின்றனர்.

இதனால் மாணவர் தெளியவேண்டியது ஒன்றுண்டு. அழகாக இயங்கும் ஒரு செய்நிரலை ஆக்கிவிட்டால் அது ஆராய்ச்சியாகாது. இணையத்திற் பொருள் விற்க ஒரு செயலியை ஆக்குபவன் பாராட்டுக்கும் ஊதியத்துக்கும் உரியவன், பட்டத்துக்கு உரியவனல்லன். அச்செயலியை ஆக்கும்போது, ஆயிரம் பேர் ஒரே கணத்திற் பொருள் கேட்டால் இருப்புக் கணக்கு ஏன் பிழைக்கிறது என்று வினவி, அப்பிழை எந்நிலையில் நேரும், எந்நிலையில் நேரவே நேராது என்று அவன் நிறுவுவானாயின் அது ஆராய்ச்சி. நிரல் அங்கே சான்று, முடிவே பொருள்.

இனி, வினாவைக் கண்டெடுக்கும் வகை. இதிலேதான் காலமெல்லாம் செலவாகிறது. இதைப்பற்றியே வழிகாட்டிகள் மிகக் குறைவாகப் பேசுகின்றனர். நமக்கு அணித்தானதோர் உதாரணத்தாற் காட்டுவேன். ஒரு மாணவன் வந்து, தமிழைக் கணினி விளங்கிக்கொள்ளச் செய்யப் போகிறேன் என்கிறான். நல்ல ஆசை, ஆனால் அது வினாவன்று, ஒரு வாழ்நாளின் தலைப்பு. தமிழிலே சொல்லைப் பிரிப்பது எளிதன்று. எட்டு, தாமரை, வேங்கை என்பவற்றை நன்னூலிற் பொதுமொழி என்று படித்திருக்கிறோம். தாமரை என நின்று பூவையும், தா மரை எனப் பிரிந்து தாவும் மானையும் குறிக்கும். மனிதன் இடம் நோக்கித் தெளிவான்; கணினி எதனை நோக்கித் தெளியும்? இதனைக் கேட்டவுடன் மாணவன், அப்படியாயிற் சொற்பிரிப்பை ஆராய்கிறேன் என்பான். சற்று ஒடுங்கிற்று, போதாது. சொற்பிரிப்புச் செய்நிரல்கள் முன்னரே உள. அவற்றை எடுத்து, பத்திரிகைத் தமிழிற் பயின்ற அந்நிரல் யாழ்ப்பாணத்தார் தம்முள் எழுதிக்கொள்ளும் குறுஞ்செய்திகளில் எங்கெங்கே தவறுகிறது என்று பார்க்கிறான். தவறுகளை வகுக்கிறான்: சில புணர்ச்சியால் வருவன, சில வட்டார வினைவடிவத்தால் வருவன, சில எழுத்துப்பிழையால் வருவன. பின்பு கேட்கிறான்: வட்டார வினைவடிவத்தால் வரும் தவறுகளைக் குறைக்க, அவ்வழக்கில் எழுதிய எத்துணை வாக்கியங்கள் போதும்? இலக்கண விதிகளைக் கூடவே ஊட்டினால் அத்தொகை குறையுமா, குறையாதா?

இப்போது அது வினாவாயிற்று. இதற்கு விடை உண்டு. ஆம் என்றோ அன்று என்றோ வரலாம். எது வந்தாலும் பிறர்க்குப் பயன்படும். நல்ல வினாவின் இலக்கணம் இதுவே. ஆம் என்று வந்தால் மட்டும் பயன் தரும் வினாவிலே நான்கு ஆண்டுகளைப் பந்தயம் வைத்தல் சூதாட்டம்.

விடையை நாட்டும் முறையையும் ஈண்டே கூறிவிடுதல் தகும். கணினிக்குக் கற்பிக்கப் பயன்படுத்திய வாக்கியங்களைக்கொண்டே அதனைச் சோதித்தல் கூடாது; அது வினாத்தாளை முன்னரே காட்டிப் பரீட்சை வைப்பதை ஒக்கும். சோதனைக்குரிய வாக்கியங்களை ஆரம்பத்திலேயே பிரித்துப் பூட்டி வைத்தல் வேண்டும். சரியான பிரிப்பு எது என்று தீர்க்கத் தமிழறிந்த இருவர் தனித்தனியே பிரித்து, அவர்கள் எத்துணை ஒத்துப்போகின்றனர் என்பதையும் கணக்கிடல் வேண்டும்; அறிஞர் இருவரே மாறுபடும் இடத்திற் கணினியைக் குறை கூறுதல் நியாயமாகாது. பழைய முறை எத்தனை தவறு செய்தது, புதிய முறை எத்தனை செய்தது என்று ஒரே தரவின்மேல் ஒப்பிடல் வேண்டும். தரவையும் நிரலையும் பிறர் எடுத்துச் செய்து பார்க்கக்கூடியவாறு வெளியிடுதலும் இன்று பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது.

மேற்பார்வையாளரைப் பற்றி. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தே நம்மவர் விண்ணப்பிக்கின்றனர். இது வீதியின் பெயரைப் பார்த்து வீடு வாங்குவது போன்றது. கலாநிதி மாணவனுக்குப் பல்கலைக்கழகமென்பது பெரும்பாலும் ஒரு மேற்பார்வையாளரும் அவரைச் சூழ்ந்த ஐந்தாறு மாணவருமே. குருபரம்பரை என்பது இத்துறையிலும் உண்டு. சென்னையிற் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே 1958 இற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஸ்ரான்போட்டிலே ஜோன் மக்கார்தி என்பாரின்கீழ் 1966 இல் மனிதர் பேச்சைக் கணினி இனங்காணும் ஆய்வுக்காகக் கலாநிதியானார். அவர்தம் மாணவர் பலர் அத்துறையையே வளர்த்தெடுத்தனர். 1994 ஆம் ஆண்டுக்குரிய ரூறிங் பரிசைப் பெற்றவருள் ரெட்டியும் ஒருவர். முன்கூறிய வீலரின் மாணவருள் ஒருவரே, சி பிளஸ் பிளஸ் என்னும் நிரல்மொழியைப் படைத்த பியார்ன் ஸ்ரூஸ்ற்றப். நல்லாசிரியரிடத்து மாணவன் முதலிற் கற்பது வினாவின் சுவை. எது கேட்கத்தக்கது, எது கேட்டும் பயனற்றது என்னும் உணர்வு. அதனை நூலிலிருந்து பெறுதல் அரிது.

ஆதலின் ஒருவரைத் தெரிந்தெடுக்குமுன் அவர் அண்மையில் எழுதிய கட்டுரைகளுள் இரண்டு மூன்றையேனும் முழுவதும் படித்தல் வேண்டும். பின்னர் எழுதும் கடிதத்தில், உங்கள் கட்டுரையில் இன்ன இடத்தில் எனக்கு இன்ன ஐயம் எழுந்தது என்று இரண்டு வரி இருந்தால் அக்கடிதம் படிக்கப்படும். பெயரை மட்டும் மாற்றி நூறு பேராசிரியருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவோர் நம் நாட்டிலும் அயல்நாட்டிலும் ஏராளம். அத்தகைய கடிதம் முதல் வரியிலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அவரிடம் இப்போது பயிலும் மாணவரையும் தேடிக் கேட்கலாம்: ஆசிரியர் வாரத்தில் எத்தனை முறை சந்திப்பார், முன் சேர்ந்தோர் எத்தனை ஆண்டில் முடித்தனர், முடியாமற் போனோர் உளரோ என்று. இக்கேள்விகளைக் கேட்க நாணுகிறோம். பெண் பார்க்கப் போகும்போது இவற்றினும் கூரிய கேள்விகளைக் கேட்க நாம் நாணுவதில்லை.

நாடு தோறும் முறை வேறுபடும். பிரித்தானியாவில் மூன்று நான்கு ஆண்டுகள். முதல் நாளிலேயே ஆய்வு தொடங்கும். அமெரிக்காவில் ஐந்தாறு ஆண்டுகள். முதல் இரண்டாண்டு பாடங்களும், தகுதிகாண் பரீட்சையும், பின்னரே முழுநேர ஆய்வும். ஜேர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளிலே கலாநிதி மாணவன் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியனாகவே நியமிக்கப்படுகிறான். ஆயின் முதுமாணிப் பட்டம் முன்னரே இருத்தல் வேண்டும். பணத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். அமெரிக்காவிற் கணினியியற் கலாநிதி மாணவர்க்குக் கட்டணம் நீக்கி, கற்பித்தலுக்கோ ஆய்வுதவிக்கோ ஈடாக மாதப்படி தருவதே வழக்கம். அவ்வுதவியின்றி இடம் மட்டும் தருவோம் என்று கடிதம் வந்தால், காணியை ஈடுவைத்துப் போதல் வேண்டா. 1959 இல் தொடங்கப்பெற்ற பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் இன்றும் நடைபெறுகிறது, அதனையும் நோக்கலாம். உள்நாட்டிலேயே செய்வதும் தாழ்ந்ததன்று. வி. கே. சமரநாயக்க என்னும் பேராசிரியர் 1987 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழினுட்ப நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்த வறுமை இன்றில்லை. அது 2002 இல் அப்பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்வோர்க்கு நாடெங்கும் உள்ள இடர் ஒன்றே: மாலையிற் களைத்து வந்தபின் எஞ்சும் ஒருமணி நேரத்திற் பிழை திருத்தலாம், வினா பிறக்காது. வாரத்தில் ஒரு முழுநாளையேனும் அதற்கென ஒதுக்க இயலாதவர் தொடங்காமல் இருப்பதே மேல்.

கட்டுரை வெளியிடுதலிற் கணினியியலுக்கு ஒரு தனிவழக்கு உண்டு. ஏனைய விஞ்ஞானங்களில் ஆய்விதழே பெரிது. மாநாடு கூடிப் பேசுதற்குரியது. கணினியியலின் பல கிளைகளிலோ மாநாட்டிலேதான் முதற்றரக் கட்டுரை வெளிவரும். பெயர்பெற்ற மாநாடுகளில் அனுப்பப்படும் கட்டுரைகளுள் நான்கில் ஒன்றோ அதனினும் குறைவோதான் ஏற்கப்படும். மூவர் நால்வர் பெயர் மறைத்துப் படித்துக் கருத்துரைப்பர். ஒருவர் நன்று என்பார், ஒருவர் இது முன்னரே தெரிந்தது என்பார், ஒருவர் இது நம்பத்தக்கதன்று என்பார். மூவரும் படித்தது ஒரே கட்டுரைதானா என்று ஐயுற நேரும். வகுப்பிலே என்றும் முதல்வனாக இருந்த மாணவனுக்கு இந்த மறுப்பு, வாழ்க்கையில் முதன்முறை கிடைக்கும் தோல்வியாக இருப்பதுண்டு. அதனை வீட்டுக்கு எழுதவும் கூசி, தனியறையில் வைத்துப் புழுங்குவான். இவன் அறியவேண்டியது, பக்கத்து மேசையில் இருப்பவனுக்கும் அதே வாரத்தில் அதே கடிதம் வந்திருக்கும் என்பதே. பெற்றோரும், பட்டம் எப்போது கிடைக்கும் என்று ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியிற் கேளாதிருப்பின் அதுவே பேருதவி.

இக்காலத்துக்கே உரிய இடர் ஒன்றையும் மறைத்தல் தகாது. 2017 இற் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ஓர் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, மனிதரைப் போல் உரைநடை எழுதும் பேருருவ மொழிப்பொறிகள் இன்று எங்கும் பரவியுள. அவற்றைப் பயிற்றுதற்கு ஆயிரக்கணக்கான செயலிச் சில்லுகளும் மிகப்பெரும் பொருட்செலவும் வேண்டும். அப்பந்தயத்திற் பல்கலைக்கழக மாணவன் ஓட முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே அதிற் பின்தங்கியிருக்க, நாம் எம்மாத்திரம்? ஆயினும் அதனாற் கதவு அடைபடவில்லை. அப்பொறிகள் எதனை அறியா, எங்கே உறுதியாகப் பொய் சொல்லுகின்றன, தமிழ் போன்ற மொழிகளில் ஏன் தடுமாறுகின்றன என்பவற்றை அளந்து காட்டுதற்கு ஒரு மேசைக் கணினியும் மொழியறிவும் பொறுமையும் போதும். கொள்கைக் கணினியியலுக்கு இன்றும் தாளும் பென்சிலுமே கருவி. சிறிய பொறியிற் பெரிய வேலையைச் செய்விக்கும் வகையை ஆராய்வதற்கு, வசதி குறைந்த இடமே வசதியான இடம்.

அப்பொறிகளைக்கொண்டு ஆய்வேட்டையே எழுதுவித்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோரும் உளர். பிறமொழியில் எழுதிய வாக்கியத்தைச் செப்பனிட அவை உதவும். அங்ஙனம் உதவி பெற்றதைப் பல்கலைக்கழக விதிப்படி வெளிப்படக் கூறுதல் வேண்டும். இல்லாத நூலை உள்ளதென்று மேற்கோள் காட்டும் வழக்கம் அவற்றுக்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது. இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. எழுதும்போதுதான் மாணவன் தன் வாதத்திலுள்ள ஓட்டையைக் காண்கிறான். எழுத்தைப் பிறிதொன்றிடம் ஒப்படைத்தவன் அவ்வோட்டையைப் பரீட்சகர் வாயால் முதன்முதற் கேட்பான்.

பரீட்சகரைக் கூறினோம். ஆய்வேடு முடிந்தபின் வாய்மொழிப் பரீட்சை உண்டு. பிரித்தானிய முறையில் அது மூடிய அறையில் நடைபெறும். அகப் பரீட்சகர் ஒருவர், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளிப் பரீட்சகர் ஒருவர். இரண்டு மூன்று மணி நேரம் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவர். நெதர்லாந்திலோ உற்றாரும் ஊராரும் கூடிய சபையிலே அங்கியணிந்த பேராசிரியர் வரிசையாக வீற்றிருந்து வினவுவர். மாணவனுக்கு இருபுறமும் தோழர் இருவர் துணை நிற்பர். குறித்த நேரம் முடிந்ததும் கோலேந்திய பணியாளர் உட்புகுந்து, நேரமாயிற்று என்று இலத்தீன் மொழியிற் கூவுவார். மாணவன் பாதி வாக்கியத்திலே நின்றாலும் அத்துடன் விசாரணை முடிந்தது.

கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதியதன்று. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் நூலை அரங்கேற்றியபோது முதற்செய்யுளின் முதற்புணர்ச்சிக்கே சபையோர் விதி கேட்டனர் என்பதும், வீரசோழியத்தினின்று விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பதும் வழிவழி வரும் வரலாறு. தடை எழுப்பியவர் பகைவரல்லர். தடை எழுப்பாத சபை ஏற்றதற்கு மதிப்பில்லை. வெளிப் பரீட்சகர் கேட்பதும் அதுவே: இப்படிக் கூறினாயே, விதி எங்கே? கணினியியலில் அவ்விதி ஒரு நிறுவலாகவோ சோதனையின் பெறுபேறாகவோ முன்னோர் கட்டுரையாகவோ இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று கூறும் மாணவன் அப்பரீட்சையிற் பெரும்பாலும் தோற்பதில்லை. தன் வேலையின் எல்லை எதுவென்று அறியாதவனே தடுமாறுகிறான். திருத்தங்கள் சில செய்க என்ற நிபந்தனையோடு தேறுவதே பெருவழக்கு. அதனை இழுக்காக எவரும் கருதுவதில்லை.

இத்துணையும் கூறியபின், இப்பட்டம் எல்லார்க்கும் வேண்டியதன்று என்பதையும் கூறுதல் கடன். ரொனி ஹோர் 1980 ஆம் ஆண்டுக்கும், றொபின் மில்னர் 1991 ஆம் ஆண்டுக்கும் உரிய ரூறிங் பரிசைப் பெற்றவர்கள். கணினியியலிற் பேராசிரியர்களாக விளங்கியவர்கள். இருவருமே கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவரல்லர். நல்ல செய்நிரலாளனாகிப் பொருளீட்ட விரும்புவோர்க்கு இப்பட்டம் ஐந்தாண்டு ஊதியத்தின் இழப்பு. பெயருக்கு முன்னால் ஓரெழுத்துச் சேர்ந்தாற் சீதனம் ஏறும் என்று பட்டம் தேடுவோர்க்கு இதனினும் எளிய வழிகள் சந்தையில் உள. ஒரு பொருளை அறியாமல் விட்டால் உறக்கம் வராத இயல்பினர்க்கும், பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விழைவோர்க்குமே இது உரியது.

அவ்வியல்பினர் எம் கல்லூரியில் இன்று எந்த வகுப்பில் இருப்பினும் செய்யத்தக்கவை உள. பாடசாலையிற் கற்கும் கணிதத்தில் நிறுவல் எழுதும் பகுதியை, புள்ளி குறைவென்று தள்ளாது பழகுக. பல்கலைக்கழகத்து இறுதியாண்டு ஆய்வினை வெறும் சடங்காக்காது ஓர் ஆசிரியரோடு ஆழ்ந்து செய்க. பின்னர் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் அவரே. வகுப்பில் முதலாவதாக வந்தான் என்று மட்டும் எழுதும் கடிதத்தினும், இன்ன இடரில் அகப்பட்டு இன்னவாறு மீண்டான் என்று எழுதும் கடிதமே எடுபடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டெம்பரிற் சேர்வதற்கான விண்ணப்பம் முதலாண்டு டிசெம்பர் மாதத்திலேயே முடிவடையும். ஆதலின் மேற்பார்வையாளர்களின் கட்டுரைகளைச் சித்திரை, வைகாசியிற் படிக்கத் தொடங்கி, ஆங்கிலத் தகைமைப் பரீட்சையை ஆவணிக்குள் முடித்து, பரிந்துரைப்போர்க்குப் புரட்டாதியிலேயே அறிவித்துவிடுதல் வேண்டும். மூன்று ஆசிரியருள் ஒருவரேனும் கடைசி வாரத்தில் வெளியூரில் இருப்பார்.